தனியாகக் கப்பல் பயணம்: முதன்முறை செல்வோர் கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உள்ள நம்மவர்கள், குறிப்பாகப் பிள்ளைகள் வேலைக்குப் போன பின்னர் சற்று ஓய்வு கிடைத்த பெண்கள், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் ஜார்ஜ்டவுனில் வசிப்பவள். 53 வயதில் முதன்முறையாக ஓர் உல்லாசக் கப்பலில் மூன்று இரவுகள் தனியாகச் சென்று வந்தேன். அதன்பின் மேலும் நான்கு முறை சென்றிருக்கிறேன். மலாக்கா நீரிணையிலும் அந்தமான் கடலிலும் செல்லும் குறும்பயணங்களை மனத்தில் வைத்தே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

தனியாக எங்குமே போகாதவருக்கு முதல் பயணம் கப்பலில் அமையலாமா?

அமையலாம் என்பதே என் உறுதியான எண்ணம். தனியாகச் செல்பவருக்கு ஊர் சுற்றுவதைவிட அதற்கு இடைப்பட்ட வேலைகள்தாம் பெரும்பாரம்: பெட்டியை இழுத்துக்கொண்டு விடுதி தேடுவது, முன்பின் தெரியாத தெருவில் இருட்டிய பிறகு சாப்பாட்டுக் கடை தேடுவது, மறுநாள் மீண்டும் பெட்டியைக் கட்டுவது. கப்பலில் ஒரு முறை பெட்டியைப் பிரித்து அலமாரியில் துணிகளை அடுக்கிவிட்டால், அந்த அறையே உங்களுடன் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் வந்துவிடுகிறது. இரவு நிகழ்ச்சி முடிந்து அறைக்குத் திரும்ப மின்தூக்கி போதும்; வண்டி பிடிக்க வேண்டியதில்லை.

ஆனால், முதல் பயணம் மூன்று அல்லது நான்கு இரவுகளுக்கு மேற்படாமல் இருக்கட்டும்; நம் கரையிலிருந்தோ பக்கத்து நாட்டிலிருந்தோ புறப்படுவதாகவும் இருக்கட்டும். உங்களுக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா, தனிமை ஒத்துக்கொள்ளுமா என்பது மூன்றே நாளில் தெரிந்துவிடும். பத்து நாள் ஐரோப்பியப் பயணத்துக்குப் பெரும்பணம் கட்டிவிட்டு இரண்டாம் நாளே ஏன் வந்தோம் என்று வருந்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

தமிழர் தனியாகக் கப்பலேறுவது புதுமையும் அன்று. 1926-இல் கட்டப்பட்ட ராஜூலா கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் கிள்ளான், சிங்கப்பூர் என்று நம் முன்னோரை ஏற்றி இறக்கியது. என் தாத்தா 1936-இல், பத்தொன்பது வயதில், ஒரு தகரப்பெட்டியுடன் அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர். பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவில் தொற்றுநோய்க் காவலில் வைக்கப்பட்ட நாள்களைப் பற்றி அவர் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தார். அவருக்குத் துணையாக யாரும் வரவில்லை.

எங்கே ஏறுவது? பினாங்கிலா, போர்ட் கிள்ளானிலா, சிங்கப்பூரிலா?

இந்தப் பகுதியில் புறப்படும் கப்பல்களில் பெரும்பாலானவை சிங்கப்பூரிலிருந்தே கிளம்புகின்றன. பினாங்கும் போர்ட் கிள்ளானும் பெரும்பாலும் இடையில் நின்று செல்லும் துறைமுகங்களாகவே அமைகின்றன. சில பயணங்களில் இங்கேயே ஏறி இங்கேயே இறங்கும் வசதியும் தருகிறார்கள். அது பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால், முகவரிடம் பேசும்போது முதல் கேள்வியாக இதைக் கேட்டுவிடுங்கள்.

பினாங்கில் ஏற முடிந்தால் அதைவிட எளிது வேறில்லை. சுவெட்டன்ஹாம் பியர் கப்பல் முனையம் ஜார்ஜ்டவுனின் நடுவிலேயே, கார்ன்வாலிஸ் கோட்டைக்கும் மணிக்கூண்டுக்கும் பக்கத்தில் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து வருபவர்கள் கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயிலேறிச் சுமார் நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த் வந்து, அங்கிருந்து பெர்ரியில் தீவுக்கு வந்துவிடலாம். பெர்ரி முனையத்திலிருந்து கப்பல் முனையம் நடக்கும் தூரம்தான். பெட்டி கனமாக இருந்தால் மட்டும் வண்டி எடுங்கள்.

போர்ட் கிள்ளான் முனையம் இண்டா தீவில் உள்ளது. கொம்யூட்டர் ரயில் போர்ட் கிள்ளான் நிலையத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து முனையத்துக்கு நடக்க முடியாது. ஆகவே கோலாலம்பூர்க்காரர்கள் வீட்டிலிருந்தே கிராப் வாடகைக் கார் எடுப்பது நல்லது.

சிங்கப்பூரில் ஏறுவதானால் முந்தைய நாளே போய்த் தங்குங்கள். ஜோகூர் பாலத்து நெரிசல் எப்போது எப்படி இருக்கும் என்பதை யாராலும் கணிக்க முடியாது, கப்பலோ யாருக்காகவும் காத்திருக்காது. அங்கே மரினா பே முனையம், ஹார்பர்ஃபிரண்ட் முனையம் என இரண்டு உண்டு; பயணச்சீட்டில் எது குறிக்கப்பட்டுள்ளது என்பதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஒருவர்தான் போகிறேன். இரண்டு பேருக்கான கட்டணத்தை ஏன் கேட்கிறார்கள்?

தனியாகச் செல்பவர்களின் மனத்தைப் பெரிதும் நோகடிக்கும் கேள்வி இதுதான். என் முதல் பயணத்தின்போது ஒரு முகவர் விளம்பரத்தில் இருந்த விலையைக் காட்டி முன்பணம் வாங்கிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து அனுப்பிய விலைப்பட்டியலில் தொகை ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் அவ்வளவு கோபம் வந்திருக்காது. எனவே இதை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

கப்பல் அறைகள் பெரும்பாலும் இருவருக்கென்று கட்டப்பட்டவை. விளம்பரத்தில் வரும் விலை, ஓர் அறையை இருவர் பகிர்ந்தால் ஒருவருக்கு ஆகும் விலை. நீங்கள் ஒருவராகவே அந்த அறையை எடுத்தால், வராத அந்த இரண்டாமவரின் இடத்துக்கும் சேர்த்துப் பணம் கேட்பார்கள். இதைத் தனிநபர் கூடுதல் கட்டணம் என்கிறார்கள். பெரும்பாலும் அது முழு இரட்டைக் கட்டணமாகவே இருக்கும். அறைகள் விற்காமல் கிடக்கும் தேதிகளில் சில நிறுவனங்கள் குறைத்துத் தருவதுண்டு.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டுடன் பார்ப்போம். விளம்பரத்தில் ஒருவருக்கு 900 வெள்ளி (ரிங்கிட்) என்றும், துறைமுக வரி 250 வெள்ளி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். தனியாகச் செல்பவர் அறைக்கு 1,800 வெள்ளி தர வேண்டியிருக்கலாம். துறைமுக வரியும் இரவுதோறும் சேரும் சேவைக் கட்டணமும் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுபவை. அவற்றை உங்கள் ஒருவருக்கு மட்டுமே செலுத்த வேண்டும். முகவர் எல்லாவற்றையும் சேர்த்து இரண்டால் பெருக்கிக் காட்டினால், வரியைத் தனியே பிரித்துக் காட்டும்படி தயங்காமல் கேளுங்கள்.

செலவைக் குறைக்க வழிகள் உண்டு. பள்ளி விடுமுறையையும் தீபாவளி, கிறிஸ்துமஸ், சீனப் புத்தாண்டு வாரங்களையும் தவிர்த்து, வாரநாளில் கிளம்பும் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒருவருக்கென்றே கட்டப்பட்ட சிற்றறைகளும் சில கப்பல்களில் உள்ளன. நார்வீஜியன் நிறுவனம் 2010-இல் எபிக் என்ற கப்பலில் 128 அத்தகைய அறைகளையும், அங்குத் தங்குவோர் கூடிப் பேச ஒரு தனிக்கூடத்தையும் அமைத்த பிறகு வேறு நிறுவனங்களும் அந்த வழியில் வந்தன. நம் நீரிணைக்கு வரும் எல்லாக் கப்பல்களிலும் அவற்றை எதிர்பார்க்க முடியாது என்றாலும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக, அதிகம் பழகாத ஒருவருடன் அறையைப் பகிர்ந்துகொள்ள மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரவில் குளிர்சாதனம், விளக்கு, குறட்டை என்று எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தால் தனியாகப் போனதன் பயனே போய்விடும்.

எந்த அறையை எடுப்பது?

முதல் முறைக்கு உள்ளறையே போதும். அதற்குச் சன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் விடிந்ததா இல்லையா என்று தெரியாத அளவுக்கு இருட்டாக இருக்கும். அடைத்த அறையில் மூச்சு முட்டுவதாக உணர்பவர்கள் சன்னல் அறைக்குக் கூடுதலாகக் கொடுப்பதே நல்லது. பால்கனி அறை அழகானதுதான், ஆனால் தனியாளுக்கு அந்த விலையும் இரட்டிப்பாகிவிடும். கடலைப் பார்க்க மேல்தளம் எப்போதும் திறந்தே இருக்கிறது.

கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் அறை கேளுங்கள். அங்கேதான் ஆட்டம் குறைவு. வரைபடத்தில் உங்கள் அறைக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். நடனக் கூடத்துக்குக் கீழே அறை கிடைத்தால் தூக்கம் கெடும்.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

பயணம் முடியும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லத்தக்க கடப்பிதழ் வேண்டும். சுற்றுலாவாகச் செல்லும் மலேசியர்களுக்குச் சிங்கப்பூருக்கும் தாய்லாந்துக்கும் விசா தேவையில்லை. சிங்கப்பூருக்கு இணையவழி வருகை அட்டை உண்டு. தாய்லாந்தும் 2025 மே முதல் இணையவழி வருகை அட்டையைக் கொண்டுவந்திருக்கிறது. கப்பல் பயணிகள் அதை எப்போது, எப்படி நிரப்ப வேண்டும் என்பதை நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

சில கப்பல்களில் ஏறும்போதே கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்வார்கள். இது வழக்கமான நடைமுறை, அஞ்ச வேண்டாம். கடப்பிதழின் முதல் பக்கத்தை இரண்டு நகல் எடுத்து, ஒன்றைக் கைப்பையிலும் மற்றொன்றை வீட்டிலும் வையுங்கள்.

தனியாக எப்படிச் சாப்பாட்டு மேசையில் உட்காருவது?

பணத்துக்கு அடுத்தபடியாக நம்மைத் தடுப்பது இந்தக் கூச்சம்தான். என் முதல் மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெரிய உணவுக்கூடத்தின் வாசல்வரை போய், உள்ளே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, பசியோடு அறைக்குத் திரும்பினேன். அரைமணி நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பிறகு நாமே எடுத்துச் சாப்பிடும் பஃபே கூடத்துக்குப் போய், தட்டில் சோறும் பருப்பும் எடுத்துக்கொண்டு, கடல் தெரியும் சன்னலோரத்தில் அமர்ந்தேன். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஈப்போவைச் சேர்ந்த வயதான அம்மா ஒருவர் மட்டும், பக்கத்து நாற்காலி காலியா என்று கேட்டு உட்கார்ந்தார். அவரும் தனியாகத்தான் வந்திருந்தார்.

அந்த அனுபவத்திலிருந்து நான் சொல்வது இதுதான். முதல் மாலை பஃபே கூடத்துக்குப் போங்கள். அங்கே வருவதும் எழுவதும் உங்கள் விருப்பம். இரண்டாம் நாள் பெரிய உணவுக்கூடத்தின் வாசலில் நிற்கும் பணியாளரிடம், மற்றவர்களோடு சேர்ந்து அமரும் மேசை வேண்டுமா, தனி மேசை வேண்டுமா என்பதைச் சொல்லுங்கள். இரண்டுக்கும் அவர்கள் பழகியவர்கள். சேர்ந்து அமரும் மேசையில் பேச்சு எளிதாகத் தொடங்கும். ஊர் எது, எத்தனையாவது பயணம் என்ற இரண்டு கேள்விகளே போதும்.

காலைப் பசியாறலைக் கொஞ்சம் முன்னதாக, ஏழு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கூட்டம் இராது, தளத்தில் வெயிலும் ஏறியிராது. நாள் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுவே.

சைவ உணவு கிடைக்குமா? மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் என்ன செய்வது?

கிடைக்கும். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் ஏராளமாக வருவதால், சைவ உணவுக்கும் இந்திய உணவுக்கும் தனி ஏற்பாடு இருக்கும். பதிவு செய்யும்போதே குறிப்பிட்டுவிட்டு, ஏறிய பின் உணவுக்கூடத் தலைவரிடம் இன்னொரு முறை சொல்லுங்கள். குழம்புகளிலும் சூப்பிலும் எந்த இறைச்சியின் சாறு சேர்ந்திருக்கிறது என்பது பார்த்தால் தெரியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும். புரட்டாசி விரதம் இருப்பவர்கள் அந்த மாதத்தைத் தவிர்த்துவிட்டால் மனம் உறுத்தாமல் இருக்கும். வெளி உணவைக் கப்பலில் ஏற்ற அனுமதி இராது என்பதால் ஊறுகாய்ப் புட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பெண் ஒருத்தி தனியாகப் போவது பாதுகாப்பானதா?

பொதுவாக ஆம், ஆனால் சில பழக்கங்கள் வேண்டும். கப்பலில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் அட்டையைப் பதிவு செய்கிறார்கள். முன்பின் தெரியாதவர் எவரும் வெளியிலிருந்து உள்ளே வந்துவிட முடியாது. ஆயினும் உள்ளே இருப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர், அவர்களும் நமக்கு அறிமுகமற்றவர்களே. அறை எண்ணைப் பிறர் காதில் விழும்படி சொல்லாதீர்கள். அறைக்குள் நுழைந்ததும் உள்தாழைப் போடுங்கள். யாராவது கதவைத் தட்டினால் யாரென்று கேட்டுத் திறங்கள். மதுக்கூடத்தில் பழகியவருடன் பேசுவதானால் பொதுவிடத்திலேயே பேசுங்கள். மனத்துக்கு ஒவ்வாத எதுவும் நடந்தால் எந்த நேரமானாலும் வரவேற்பு மேசைக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள். சூதாட்டக் கூடத்துக்குள் போக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. தனியாக இருக்கும்போது அங்கே பணமும் நேரமும் போவது தெரியாது.

எல்லாவற்றிலும் முதன்மையானது பாதுகாப்பு ஒத்திகை. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே கோஸ்டா கன்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் உயிரிழந்தனர். அன்று ஏறிய பயணிகள் பலர் ஒத்திகையில் இன்னும் பங்கேற்றிருக்கவில்லை. அதன்பின் விதி மாற்றப்பட்டு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடத்துவது கட்டாயமாயிற்று. ஏழு குறுகிய ஒலிகளும் அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால், அது உங்களுக்குரிய கூடுமிடத்துக்கு வரச் சொல்லும் அழைப்பு. தனியாகச் செல்பவரை எழுப்பிவிடப் பக்கத்தில் ஆள் இல்லை. ஆகவே அறையிலிருந்து கூடுமிடம்வரை படிக்கட்டு வழியாக ஒரு முறை நடந்து பார்த்துவிடுங்கள். ஆபத்து நேரத்தில் மின்தூக்கியைப் பயன்படுத்த முடியாது.

கடல்மயக்கம் வருமா?

மலாக்கா நீரிணை ஒருபுறம் தீபகற்பமும் மறுபுறம் சுமத்ராவும் அணைத்திருக்கும் கடல். பெரிய கப்பலில் பல இரவுகள் ஆட்டமே தெரியாது. தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து திடீர்க் காற்றும் மழையும் வருவதுண்டு, ஆனால் அவை விரைவில் கடந்துவிடும். நீரிணையைத் தாண்டிப் புக்கெட் பக்கம் போகும்போதுதான் வேறுபாடு தெரியும்: மே முதல் அக்டோபர்வரை அந்தமான் கடலில் அலை உயரும், நவம்பர் முதல் மார்ச்வரை அது அமைதியாக இருக்கும். அச்சம் இருப்பவர்கள் இரண்டாவது பருவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வயிற்றைக் காலியாகவும் வைக்காதீர்கள், நிரப்பவும் வேண்டாம். இஞ்சி மிட்டாய் பலருக்கு உதவுகிறது. மாத்திரை எடுப்பதானால் குமட்டல் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும்; இரத்த அழுத்தத்துக்கோ நீரிழிவுக்கோ மருந்து உண்பவர்கள் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால்?

கப்பலில் மருத்துவரும் சிறு மருத்துவ நிலையமும் உண்டு, ஆனால் கட்டணம் நம் ஊர்க் கிளினிக்கைவிடப் பல மடங்கு. பயணக் காப்புறுதி எடுக்காமல் ஏறாதீர்கள். கடலில் நடக்கும் மருத்துவச் செலவும், கரைக்கு அவசரமாகக் கொண்டுசெல்லும் செலவும் அதில் அடங்குகின்றனவா என்று படித்துப் பாருங்கள். அன்றாட மருந்துகளைக் கூடுதலாக நான்கு நாளுக்கு எடுத்துக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டால், அது அறைக்கு வந்து சேர மாலையாகிவிடலாம்.

வீட்டாருடன் எப்படித் தொடர்பில் இருப்பது?

கரை கண்ணுக்கு மறைந்ததும் கைப்பேசி கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். அந்தக் கட்டணம் மிக அதிகம். ஏறியதும் கைப்பேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றிவிடுங்கள். கப்பலின் இணையத்தைத் தேவைப்பட்டால் ஒரு நாளுக்கு மட்டும் வாங்கலாம்.

முதல் பயணத்தில் நான் இதை அக்காவிடம் சொல்லாமல் போய்விட்டேன். இருபது மணி நேரம் செய்தி வராததால் அவர் எல்லாருக்கும் தொலைபேசியில் பேசி, குடும்பத்தையே கலங்க வைத்துவிட்டார். கிளம்பும் முன் வழித்தடம், அறை எண், நிறுவனத்தின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். துறைமுகத்தில் இறங்கியதும் செய்தி அனுப்புவேன், கடலில் இருக்கும்போது வராது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

புக்கெட்டில் தனியாக இறங்கிச் சுற்றலாமா?

சுற்றலாம், ஆனால் கடிகாரத்தில் கண் வையுங்கள். 1982 தொடங்கியது முதல் தீபகற்ப மலேசியா உலக நேரத்தைவிட எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. தாய்லாந்து ஏழு மணி நேரம்தான். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்க, கரையில் உங்கள் கைப்பேசி தானாகவே ஒரு மணி நேரம் பின்னே போய்விடும். ஐந்து மணிக்குள் திரும்ப வேண்டும் என்றால் அது கப்பல் நேரம். கைப்பேசியில் அப்போது நான்கு. இந்த ஒரு மணியில் தவறி, கப்பல் போவதைக் கரையிலிருந்து பார்க்க நேரிடக் கூடாது. ஆகவே கையில் ஒரு சாதாரணக் கடிகாரத்தைக் கட்டிக் கப்பல் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்தோங் விரிகுடாவில் பெரிய கப்பல்கள் தள்ளி நங்கூரமிட்டு, சிறு படகுகளில் பயணிகளைக் கரைக்கு அனுப்புவதுண்டு. திரும்பும் படகுக்கு வரிசை நிற்கும் என்பதால், கடைசிப் படகுக்கு ஒரு மணி நேரமாவது முன்னதாகக் கரைக்கு வந்துவிடுங்கள். முதல் முறை செல்பவர்களுக்குக் கப்பலே நடத்தும் சுற்றுலாவை நான் பரிந்துரைக்கிறேன். விலை அதிகம்தான், ஆனால் அந்தப் பேருந்து தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும்.

உறவினர்கள் ஏதாவது சொல்வார்களே?

சொல்வார்கள். துணைக்கு யாரும் இல்லையா, வீட்டில் சண்டையா என்று என்னிடமும் கேட்டார்கள். எனக்கு ஆசையாக இருந்தது, போய் வந்தேன் என்று உண்மையையே சொன்னேன். அப்படிக் கேட்டவர்களில் இருவர் பின்னர் என்னிடமே முகவர் விவரம் வாங்கிக்கொண்டார்கள்.

இறங்கும் நாளில் கவனிக்க வேண்டியது என்ன?

முந்தைய இரவே பெட்டியில் அடையாளச் சீட்டைக் கட்டி அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்தும் துணியையும் மருந்துகளையும் கடப்பிதழையும் அதில் வைத்துவிடாதீர்கள். பெட்டியைத் தானே எடுத்துச் செல்ல முடிந்தவர்கள் அப்படியே செய்யலாம். அன்றிரவே கணக்கு விவரத்தை எடுத்து வரிவரியாகப் பாருங்கள், நீங்கள் வாங்காத பானமோ இணையமோ அதில் ஏறியிருந்தால் காலை வரிசை நீளும் முன் சென்று திருத்திக்கொள்ளுங்கள். வங்கி அட்டையைக் கொடுத்திருந்தால், பிடித்து வைத்த முன்பணம் விடுவிக்கப்படச் சில நாள்கள் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.